ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில்: விவாகரத்தை எங்கே போடுவது?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2016இல் மதுரையில் இந்து முறைப்படி கல்யாணம், பதிவும் ஆகியிருக்கிறது. கணவர் 2019 முதல் டொராண்டோவில். மனைவியும் அங்கே போய்க் கொஞ்ச காலம் இருந்தார். ஒத்துவரவில்லை, குழந்தையோடு திரும்பிவிட்டார். இரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. பெண் குழந்தைக்கு 7 வயது, அம்மாவிடம் வளர்கிறது. இருவரும் இன்னும் இந்தியக் குடிமக்கள். பிரிவதில் இருவருக்கும் சம்மதம். "நான் இங்கேயே போட்டுவிடுகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார் கணவர். அப்படியே விட்டுவிடலாமா, மதுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா, சிங்கப்பூரிலேயே முடித்துக்கொள்ள முடியாதா என்று கேட்கிறார் மனைவி.

அந்த "நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த நாலு பேர் அங்கே அப்படித்தான் முடித்திருப்பார்கள். ஆனால் இந்தியாவில் இந்து முறைப்படி நடந்த கல்யாணத்தை ஒருவர் மட்டும் வெளிநாட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், மற்றவர் பேசாமல் இருந்து வாங்குகிற விவாகரத்து அந்த நாட்டில்தான் விவாகரத்து. இந்தியாவில் இருவரும் இன்னும் கணவன் மனைவிதான். குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்துவது என் தொழில், இந்தியச் சட்டம் பற்றி எழுதுவது அந்த அனுபவத்தில். கனடா, சிங்கப்பூர் பற்றிச் சொல்வது அங்குள்ள வக்கீல்களோடு சேர்ந்து வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டது. கையெழுத்துப் போடும் முன் அந்தந்த ஊரில் ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், வீண் செலவாகாது.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே சீக்கிரம் கிடைக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: இந்தத் தீர்ப்பை எங்கெங்கே நீட்ட வேண்டியிருக்கும்? மறுமணம் என்றால் அந்த ஊர்த் திருமணப் பதிவாளரிடம். ஊரில் கூட்டுப் பெயரில் வீடு இருந்தால் சார்பதிவாளரிடமும் பாங்கிலும். குழந்தையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்தில். உங்கள் விஷயத்தில் இந்தியா, கனடா, சிங்கப்பூர் என்று மூன்று நாடுகள். மூன்றிலும் செல்லக்கூடிய ஒரு தாளை வாங்க வழி இருக்கிறது. அதுவும் இருவரும் சம்மதித்திருக்கும் நிலையில் அது அப்படியொன்றும் கஷ்டமும் இல்லை.

வெளிநாட்டுத் தீர்ப்பு ஏன் இங்கே செல்லாமல் போகிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொன்னால் போதும். ஒரு தம்பதிக்கு 1975இல் திருப்பதியில் கல்யாணம். பிறகு கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்துக்கு மனுப் போட்டார். மண வாழ்க்கை சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்பது காரணம். மனைவி இங்கிருந்தபடியே "உங்கள் கோர்ட்டின் அதிகாரத்தை நான் ஏற்கவில்லை" என்று ஆட்சேபணையோடு பதில் அனுப்பினார், நேரில் போகவில்லை. தீர்ப்பு கணவருக்குச் சாதகமாக வந்தது. அவர் 1981இல் இந்தியாவில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றம் என்று புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் 1991இல் தீர்ப்பு வந்தது: மிசௌரி விவாகரத்து இந்தியாவில் செல்லாது.

அந்தத் தீர்ப்பு சொன்ன விதிதான் இன்றைக்கும் அளவுகோல். எந்தச் சட்டத்தின்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டப்படி அதிகாரம் உள்ள கோர்ட், அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகக் கொடுத்தால்தான் வெளிநாட்டு விவாகரத்து இங்கே ஏற்கப்படும். விலக்கு மூன்று. எதிர்த்தரப்பு நிரந்தரமாகக் குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டில் போட்டு, நம் சட்டத்தில் உள்ள காரணத்தையே வைத்து வாங்கியிருக்கலாம். எதிர்த்தரப்பு தானாக அந்தக் கோர்ட்டுக்குப் போய், நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் வழக்காடியிருக்கலாம். அல்லது எதிர்த்தரப்பு விவாகரத்துக்குச் சம்மதித்திருக்கலாம். இந்த மூன்றாவதுதான் உங்களுக்கான கதவு. இந்து திருமணச் சட்டம் 1955இல் "மண வாழ்க்கை முறிந்துவிட்டது" என்பது இன்றுவரை ஒரு காரணமாகச் சேர்க்கப்படவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் கீழ் அந்தக் காரணத்துக்காக விவாகரத்து கொடுக்கலாம் என்றது, ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. கனடாவில் ஒரு வருடம் பிரிந்து இருந்தாலே போதும், காரணம் கேட்க மாட்டார்கள். ஆகவே உங்கள் கணவர் தனியாக அங்கே போட்டு வாங்கினால், நரசிம்ம ராவ் கதைதான் திரும்ப நடக்கும். அதை நம்பி யாராவது இந்தியாவில் மறுமணம் செய்தால், முன்பு தண்டனைச் சட்டம் 494ஆக இருந்து இப்போது நியாய சன்ஹிதா 82ஆக இருக்கிற பிரிவு காத்திருக்கிறது. ஏழு வருடம் வரை சிறை.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை, இப்போதைக்கு இல்லை. இருவரில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது மனுப் போடுவதற்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் அந்த வாசல் திறக்கும். 2024 ஜூலை முதல் இருவரும் ஒப்புக்கொண்டு பிரிகிற வழியும் அங்கே வந்துவிட்டது. அவசரம் இல்லை என்றால் அதுவும் ஒரு வழி. அவ்வளவுதான்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கணவன் மனைவியில் யாராவது ஒருவர் அந்த மாகாணத்தில் ஒரு வருடம் வாழ்ந்திருந்தால் போதும், இருவரில் எவரும் அங்கே மனுப் போடலாம். அதாவது நீங்கள் சிங்கப்பூரில் இருந்துகொண்டே டொராண்டோ கோர்ட்டில் மனுதாரராக இருக்கலாம். அதைவிட முக்கியம், இருவரும் சேர்ந்தே கூட்டு மனுவாகப் போடலாம். கூட்டு மனு என்றால் யாருக்கும் சம்மன் அனுப்ப வேண்டாம், பெரும்பாலும் கோர்ட்டில் போய் நிற்கவும் வேண்டாம், எல்லாம் தாளிலேயே நடக்கும். நீங்கள் உறுதிமொழிப் பத்திரத்தைச் சிங்கப்பூரில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். உத்தரவு வந்து 31ஆம் நாள் விவாகரத்து நடைமுறைக்கு வரும். இருவரும் கையெழுத்திட்ட மனு என்பதால் இந்தியாவிலும் அந்த மூன்றாவது விலக்கில் வந்துவிடும். கணவரிடம், "நீங்களே போடுங்கள், ஆனால் கூட்டு மனுவாகப் போடுங்கள்" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே கிடைக்கிற உத்தரவில் "இருவரின் சம்மதத்தோடு" என்று விரிவாக எழுதியிருக்காது. கூட்டு மனுவின் நகலையும் உங்கள் உறுதிமொழிப் பத்திரத்தின் நகலையும் கோர்ட் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து இங்கே யாராவது கேட்டால் காட்ட அதுதான் சான்று.

அப்படியென்றால் மதுரை எதற்கு? என் தொழிலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இருவரில் ஒருவராவது இந்தியாவுக்குத் திரும்பி வரலாம், மறுமணம் இங்கே நடக்கலாம், இங்கே வீடு நிலம் இருக்கிறது என்றால் இந்தியக் கோர்ட் தீர்ப்பு கையில் இருப்பது நிம்மதி. வெளிநாட்டுத் தீர்ப்பு சட்டப்படி செல்லும் என்றாலும், கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. "இந்தியக் கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்க" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் குடும்ப நீதிமன்றத்தில் "எங்கள் திருமண நிலை இதுதான்" என்று அறிவிக்கக் கோரித் தனி வழக்குப் போட வேண்டும். உங்கள் கேள்வியில் அப்பா அம்மா மதுரையில் இருப்பதாகவும், பிற்பாடு ஊருக்கு வர எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் வாக்கு மதுரைக்கு.

ஏன் மதுரை, சென்னை ஏன் கூடாது என்றால், இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படி. கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரர் என்றால் அவர் குடியிருக்கும் ஊர் என்று போகிறது பட்டியல். நீங்கள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது டொராண்டோவில், இப்போது இருவருமே இந்தியாவில் இல்லை. மிச்சம் இருப்பது கல்யாணம் நடந்த ஊர் ஒன்றுதான்.

மனு அதே சட்டத்தின் 13பி பிரிவின் கீழ். ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து இருக்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, இருவரும் ஒப்புக்கொண்டோம் என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். யார் மேல் தப்பு என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. எழுதவும் கூடாது என்பேன். சில வக்கீல்கள் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கம் குற்றச்சாட்டு எழுதிவிடுவார்கள். மனுவை முதலில் பதிவு செய்து, குறைந்தது 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை இருவரும் வந்து "இப்போதும் அதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மனுப் போடும்போதே ஒன்றரை வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, எனவே கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அந்த நீதிபதியின் விருப்பம்.

நேரில் வர வேண்டுமா என்றால், அதே அமர்தீப் சிங் தீர்ப்பு வீடியோ கான்பரன்சிங்குக்கும், பெற்றோர், கூடப்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவினர் மூலம் ஆஜராவதற்கும் இடம் கொடுத்தது. நடைமுறையில் நாங்கள் செய்வது இப்படி. இருவரும் ஆளுக்கொரு பவர் பத்திரம் எழுதி, ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கொடுப்பீர்கள். மனுவைத் தாக்கல் செய்வது, வாய்தாவுக்கு நிற்பது எல்லாம் அவர்கள். ஆனால் "சம்மதம்தானா?" என்ற கேள்விக்குப் பதிலை உங்கள் வாயால், உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் நீதிபதிகள் விரும்புவார்கள். அது வீடியோவில் நடக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஆளுக்குப் பவர் கொடுக்காதீர்கள். அப்படி வந்த ஒரு மனுவைப் பார்த்துவிட்டு, "இதில் இன்னொருவர் எங்கே?" என்று நீதிபதி கேட்டது நியாயமான கேள்வி.

பவர் பத்திரத்தில்தான் பாதிப் பேர் இடறுவது. அதை இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று வாங்கலாம். இல்லையென்றால் உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்கலாம், அதாவது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற அரசுச் சான்று. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்தும், கனடாவில் 2024 ஜனவரியிலிருந்தும் அப்போஸ்டில் கிடைக்கிறது. துபாயில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, நீங்கள் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி. ஒரு முறை என் கட்சிக்காரரின் அப்பா, மகன் அனுப்பிய பவரைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு நாலாம் மாதம் கொண்டுவந்தார். மகன் திரும்ப லீவு போட்டுத் தூதரக வரிசையில் நின்றார்.

வீடியோ விசாரணை எப்படி இருக்கும் என்று பலருக்குப் பயம். மதுரையில் காலை 11 மணி என்றால் சிங்கப்பூரில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் டொராண்டோவில் நள்ளிரவு 12.30. எந்த நேரத்துக்கு உங்கள் வழக்கைக் கூப்பிடுவார்கள் என்பது உறுதியில்லை. நான் பார்த்த ஒரு விசாரணையில் கணவர் அறைத்தோழர்களுக்குத் தெரியக் கூடாது என்று அந்நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து பேசினார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. நீதிபதி, "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? போனைச் சுற்றிக் காட்டுங்கள்" என்றார். காலி ஸீட், பின்னால் ஒரு குழந்தை ஸீட், அதில் ஒரு கரடி பொம்மை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் பேசியபடி வந்ததா, குழந்தை விஷயம் புரிந்துதான் சம்மதித்தீர்களா என்று மூன்று கேள்வி. மொத்தம் ஆறு நிமிடம். பாஸ்போர்ட்டைக் காமிரா முன் பிடிக்கச் சொல்வார்கள், பக்கத்திலேயே வைத்திருங்கள். விதிகளின்படி வெளிநாட்டில் இருப்பவர் தூதரக அதிகாரி முன்னிலையில் பேச வேண்டும் என்று நீதிபதி சொல்லவும் கூடும். அதற்கு முன்பதிவு வேண்டும், எனவே வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு நடுவில் மனம் மாறினால்? மாறலாம். சம்மதம் கடைசி நாள் வரை இருக்க வேண்டும், இரண்டாம் கட்டத்துக்கு முன் யாரும் பின்வாங்கலாம் என்பது 1991லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. அதனால்தான் ஜீவனாம்சத் தொகையை நாங்கள் பிரித்து வைப்போம். ஒரு பங்கு முதல் கட்டத்தில், மிச்சம் இரண்டாம் கட்டத்தன்று வரைவோலையாகக் கோர்ட்டில் வைத்துக் கைமாறும். இரு தரப்புக்கும் பிடிப்பு இருக்கும்.

இனி ஒப்பந்தம். தீர்ப்பு எந்த ஊரில் வாங்கினாலும் இதுதான் உயிர். முக்கியமாக, கணவர் இருப்பது கனடாவில் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: வெளிநாட்டில் விவாகரத்து முடிந்துவிட்டால், அதன்பிறகு கனடாவின் விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அங்கே ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. இங்கிலாந்தும் சிங்கப்பூரும் வெளிநாட்டு விவாகரத்துக்குப் பிறகும் அனுமதி வாங்கிப் பணம், சொத்துக் கேட்க வழி வைத்திருக்கின்றன, ஒன்டாரியோவில் ஜீவனாம்சத்துக்கு அப்படி வழி இல்லை. ஆகவே "முதலில் விவாகரத்து, காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

குழந்தை விஷயத்தில் பெரியவர்கள் இரண்டு பேரும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு. அவருக்கு, நீங்கள் குழந்தையோடு இந்தியாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று. உங்களுக்கு, லீவுக்கு டொராண்டோ போன குழந்தை திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று. கனடாவும் சிங்கப்பூரும் 1980ஆம் வருடத்து ஹேக் குழந்தை ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஒரு நாட்டிலிருந்து சம்மதமில்லாமல் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப அதில் வழி உண்டு. இந்தியா அதில் சேரவில்லை. வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவு இருந்தாலும், குழந்தையின் நலன்தான் முதலில், அந்த உத்தரவு கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே ஒப்பந்தத்தில், "குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதி முடிப்பது போதாது. குழந்தை எந்த நாட்டில் வளர்கிறது, நாடு மாற வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், கோடை விடுமுறையில் எத்தனை வாரம் அப்பாவிடம், டிக்கெட் காசு யாருடையது, சிறுமி தனியாகப் பறக்கும் வயது வரும்வரை கூட யார் போவது, வாரத்தில் எந்த நாள் எந்த ஊர் நேரப்படி வீடியோ கால். "எந்த ஊர் நேரப்படி" என்று எழுதாததால் ஒரு வருடம் சண்டை போட்ட தம்பதியை எனக்குத் தெரியும். குழந்தையின் பாஸ்போர்ட் புதுப்பிக்க அப்பா கையெழுத்து தேவைப்படும், அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்றும் ஒரு வரி. டொராண்டோவிலிருந்து நீங்கள் குழந்தையோடு வந்தது அவர் சம்மதத்தோடுதான் என்பதையும் சேர்த்துவிடுங்கள், இப்போது கேட்டால் எழுதிக்கொடுப்பார்.

வீடு கூட்டுப் பெயரில் இருந்தால், தீர்ப்புக்கு முன்பே மாற்றி எழுதிவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்வரை குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், அதற்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, வருமான வரியிலும் உறவினர் கொடுத்த பரிசு. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் சட்டத்தின் கண்ணில் வெளி ஆட்கள். கடன் பாக்கி இருந்தால், பாங்கு எழுத்துமூலம் விடுவிக்கும்வரை கோர்ட் தீர்ப்பைக் காட்டினாலும் தவணைக்கு இருவரும் பொறுப்புதான். லாக்கரில் இருக்கும் நகைக்குப் பட்டியல் போடுங்கள், எந்த வீட்டில் போட்டது என்பதோடு. இந்தியாவில் உள்ள நிலம், வீடு பற்றி வெளிநாட்டுக் கோர்ட் என்ன எழுதினாலும் பத்திரப்பதிவு அலுவலகம் அதை வைத்துப் பெயர் மாற்றாது.

இவ்வளவு சொல்லியும் அவர் டொராண்டோவில் தனியாகப் போட்டுவிட்டார், தாள் உங்கள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். அப்போது செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று, "இந்தியாவில் செல்லாதாமே" என்று குப்பையில் போடுவது. இங்கே செல்லாது, அங்கே செல்லும், அங்கே உங்களுக்குப் பாதகமாகப் பணம் பற்றியும் முடிவெடுக்கப்படலாம். இரண்டு, அவசரத்தில் ஒரு வக்கீலை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது. வழக்கில் முழுதாக இறங்கிவிட்டால் அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். கனடா, அமெரிக்காவுக்கு வெளியே தாளைப் பெற்றவருக்குப் பதில் தர ஒன்டாரியோவில் 60 நாள் உண்டு. அந்த 60 நாளில் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: சம்மதம் என்றால் நிபந்தனைகளைப் பேசிக் கூட்டு மனுவாக மாற்றச் சொல்வது, இல்லையென்றால் அதிகாரத்தை மட்டும் ஆட்சேபித்துவிட்டு மதுரையில் உங்கள் வழக்கைப் போடுவது. வெளிநாட்டில் ஒரு வழக்கு நடக்கிறது என்பது இந்தியாவில் வழக்குப் போடத் தடையில்லை, சிவில் நடைமுறைச் சட்டம் 10ஆம் பிரிவின் விளக்கமே அப்படிச் சொல்கிறது. ஆனால் இரண்டு நாட்டில் இரண்டு வழக்கு என்றால் இரண்டு வக்கீல், இரண்டு செலவு. சம்மதம் இருக்கும் தம்பதி அங்கே போய் மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஊரில் யாராவது பெரியவர், "இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரியிடம் சீல் வாங்கிவிடலாம்" என்பார். போதாது. வழக்கமான தீர்த்துவிடுதல் உள்ள சில சமூகங்களுக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது, ஆனால் அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். தூதரகமும் விவாகரத்து கொடுக்காது, கையெழுத்துக்குச் சான்று மட்டுமே கொடுக்கும்.

கடைசியாக, எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று: பெயர். கல்யாணப் பத்திரிகையில் "கே. செல்வி", பதிவுச் சான்றிதழில் "செல்வி கே", பாஸ்போர்ட்டில் செல்வி என்ற பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக, வேலை அனுமதியில் அந்த அப்பா பெயர் முன்னால். நமக்கு இனிஷியல் சாதாரண விஷயம். டொராண்டோவில் தீர்ப்பைப் படிக்கும் குமாஸ்தாவுக்கு இவர்கள் நாலு வேறு பெண்கள். மனுவின் முதல் பக்கத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, "என்கிற" போட்டு மற்றப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எண்ணையும் போடச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் ஆளுக்குக் குறைந்தது மூன்று வாங்குங்கள், அதில் ஆளுக்கு ஒன்றை வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலோடு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஒன்டாரியோவில் மறுமணம் செய்வதானால், வெளிநாட்டு விவாகரத்து அங்கே செல்லும் என்று உள்ளூர் வக்கீலிடம் ஒரு கருத்துக் கடிதம் வாங்கி மாகாண அரசிடம் அனுமதி பெற வேண்டும். கல்யாணம் நடந்தது இங்கே, குடியுரிமை இந்தியா என்ற இரண்டையும் அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லட்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவர் அதைச் செய்துவிட வேண்டும்.